வலை இல்லாத பக்கம்

என் மகள் அடித்த பந்துதான் என் முகத்தில் பட்டது. இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரித்துவிடுவார்கள். பிறகு என் இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அப்புறம் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பந்து பட்டபோது மகளுக்குப் பதினாறு வயது. கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அங்கே கிரிக்கெட் அணி ஒன்று புதிதாகத் தொடங்கினார்கள். ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனவள் கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

நான் ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் பையன்கள் டென்னிஸ் பந்தில் விளையாடுவார்கள். பந்து தேயிலைக்குள் போய்விட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. தோல் பந்தை நான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தது மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான். கல் மாதிரி இருந்தது.

"இதையா புள்ள அடிக்கப் போற?" என்று கேட்டேன்.

"நான் அடிக்கலன்னா அது என்னைய அடிக்கும்மா" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றே பயம் பிடித்துக்கொண்டது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. கண்டி டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். பெரும்பாலும் பாடசாலைச் சீருடைகள். சனிக்கிழமை மேட்ச் என்றால் கடைக்கார அம்மாவிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் சனிக்கிழமையும் மெஷின் ஓடும். அதனால் எல்லா மேட்ச்சுக்கும் போனது நான்தான்.

போய் உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை. பார்த்தேன் என்று சொன்னால் பொய். மற்றப் பிள்ளைகள் ஆடும்போது பார்ப்பேன், கை தட்டுவேன், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பேன். என் மகள் மட்டையோடு உள்ளே வந்து நின்றதும் தலை தானாகக் குனிந்துவிடும். பந்து போடும் பிள்ளை ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். ஃபிளாஸ்க்கைத் திறப்பேன், இல்லாவிட்டால் கடையிலிருந்து கொண்டுவந்த கவுனுக்கு விளிம்பு தைப்பேன். சுற்றி இருப்பவர்கள் கை தட்டினால்தான் நிமிர்வேன். எத்தனை ஓட்டம் எடுத்தாள் என்பதைப் பக்கத்தில் இருக்கும் தாய்மாரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில், "அந்த நாலு நல்லா இருந்துச்சு" என்பேன். அவள் "ம்" என்பாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அன்றைய மேட்ச் தெல்தெனியப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில். அங்கே முன்பும் இரண்டு தடவை போயிருக்கிறோம். மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திய மைதானம். ஒரு பக்கம் எல்லைக் கயிறு கொஞ்சம் கிட்ட. அதற்கு அடுத்தாற்போல் ஒரு பெரிய பலா மரமும் பாதையும். அதனால் அந்தப் பக்கம் மட்டும் உயரமான இரும்புக் கம்பங்கள் நட்டு பச்சை வலை கட்டியிருப்பார்கள். அன்று கம்பங்கள் இருந்தன, வலை இல்லை. பயிற்சி செய்யும் இடத்துக்கு வலை போதவில்லை என்று கழற்றிக் கொண்டுபோய் அங்கே கட்டியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று நான் கண்டது வெயிலும் மர நிழலும்தான்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர், ஐம்பது வயதிருக்கும் சிங்களவர், பலா மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார். "மெஹெ வாடிவென்ன அக்கே, அவ்வ நே" என்றார். இங்கே உட்காருங்கள் அக்கா, வெயில் இல்லை என்று. நாலைந்து தாய்மார் போய் உட்கார்ந்தோம். மகள் மூன்றாவதாக ஆட வந்தாள். நான் மடியில் ஒரு லேஞ்சித் துணியை விரித்து தோடம்பழம் உரிக்கத் தொடங்கினேன்.

பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. நல்ல கனமான சத்தம். யாரோ "பலாகென" என்று கத்தினார்கள். எதைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று நிமிர்ந்தேன். அதோடு சரி.

மறுபடி கண்ணைத் திறந்தபோது புல்லில் கிடந்தேன். வலி அப்போது தெரியவில்லை. முகத்தின் ஒரு பக்கமே இல்லாததுபோல் இருந்தது. எனக்கு மேலே ஒரு ஹெல்மட் குனிந்திருந்தது. அதன் கம்பிகளுக்குப் பின்னால் என் மகளின் கண்கள்.

"அம்மா, என்னையத் தெரியுதா? நான் யாரும்மா?"

"ஹெல்மட்ட கழட்டு" என்றேன். அப்படித்தான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

தெல்தெனிய ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, அங்கிருந்து பேராதனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பு மூன்றாக உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே சின்னத் தகடு வைத்தார்கள். பார்வை போகவில்லை, ஆனால் கீழே பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. வைத்தியர் இளவயதுக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். "ஒரு அங்குலம் மேலே பட்டிருந்தா கண் போயிருக்கும் அம்மா. நல்ல காலம்" என்றார்.

நான் வார்டில் இருந்த நாட்களில் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் சீருடையோடு வந்துவிடுவாள். தலையணையைச் சரிசெய்வாள், கஞ்சி ஊட்டுவாள். பேச்சு மட்டும் இல்லை. நான் ஏதாவது கேட்டால் ஆமாம், இல்லை என்று முடித்துவிடுவாள். வீட்டில் மட்டையையும் கால்காப்புகளையும் ஒரு உரப்பையில் போட்டுக் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

ஐந்தாம் நாள் அந்த மைதானக்காரர் வந்தார். கையில் இரண்டு தெம்பிலி இளநீர். கட்டிலின் கால்மாட்டில் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "கதிரையைப் போட்டது நான்தான் அக்கா" என்று சிங்களத்தில் சொன்னார். "நிழல் என்று நினைத்துத்தான் போட்டேன்." நிழலுக்காகத்தானே போட்டீர்கள், அதில் என்ன பிழை என்று சொல்லி அனுப்பினேன். மகள் அவர் போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போகத் தொடங்கினேன். மெஷினில் தைக்க முடிந்தது. கைத்தையல்தான் கஷ்டம். ஊசிக்கு நூல் கோக்கக் குனிந்தால் ஊசி இரண்டு, காது இரண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் தூரம் பிடிபடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பொத்தான் தைக்க நான் தடுமாறியதை மகள் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் என் பையைத் திறந்தால் ஊசி மெத்தையில் பன்னிரண்டு ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. எல்லாவற்றிலும் நூல் கோத்திருந்தது. வெள்ளை ஆறு, நீலம் நாலு, கறுப்பு இரண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகும் முன் அதைச் செய்துவிட்டுத்தான் போவாள்.

பயிற்சிக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டாள். பயிற்சி கொடுக்கும் மிஸ் வீட்டுக்கே வந்து கேட்டார். "படிப்பு இருக்கு மிஸ்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நானே பேச்சை எடுத்தேன்.

"இங்க பாரும்மா. அது ஒரு விபத்து. அதுக்கு யாரும் பொறுப்பில்ல."

அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க. யாரும் ஒண்ணும் பண்ணலன்னா ஒங்க எலும்பு எப்புடி ஒடைஞ்சிச்சு? யாரோ பண்ணினதாலதானே? நான்தானே அடிச்சேன்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. யாரும் இல்லை, யாரும் இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, மிச்சம் இருந்த ஒரே ஆள் அவள்தான் என்று ஆகிவிட்டது.

அடுத்த வாரம் கழகத்தின் செயலாளர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், கை மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. நலம் விசாரித்தார். வைத்தியச் செலவைக் கழகம் ஏற்றுக்கொள்ளும் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். நடந்தது எதிர்பாராத விபத்து, இதில் எவர் மீதும் பிழை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதி, நான் கையெழுத்துப் போடுவதற்கு இடம் விட்டிருந்தது.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். "எவர் மீதும்" என்ற இடத்தில் கண் நின்றது.

"இதில் நான் கையெழுத்துப் போட முடியாது சார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. யாராவது ஒருவரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அது மைதானத்து ஆள் செய்த வேலை, கேட்காமல் கதிரையை அங்கே போட்டுவிட்டான், அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார். தெம்பிலியோடு வந்து நின்ற மனிதரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. தாளை அவர் பக்கமாக மெல்லத் தள்ளிவைத்தேன்.

அவர் போனதும் வீட்டுக்காரர் கேட்டார். "குடுக்கிறத வாங்கிக்கிட்டு விட்டுட்டா என்ன? நமக்கு எதுக்கு இந்தக் கோர்ட்டு கச்சேரியெல்லாம்?"

"எனக்கு எழுத்துல வேணுங்க. யாரு பொறுப்புன்னு. நம்ம சொன்னா அவ நம்பமாட்டா. நம்ம அவளோட அம்மா அப்பா."

அச்சகத்தில் வேலை செய்கிறவர், எழுத்துக்கு இருக்கும் மதிப்பு அவருக்குத் தெரியும். "சரி, போய்க் கேட்டுப் பாப்பம்" என்றார்.

எங்கள் கோவிலுக்கு வரும் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய சின்ன அறை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "ஓம் அக்கா, விளங்குது. உங்களுக்கு என்ன வேணும் எண்டு முதல்ல சொல்லுங்கோ. நட்டஈடோ?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிச் செலவு தந்தா போதும். எனக்கு ஒரு கடுதாசி வேணும். பந்தை அடிச்ச புள்ள மேல பிழையில்லன்னு. பிழை யார் மேலன்னும் அதுல இருக்கணும்."

"ஆரிட்டக் காட்ட?"

"அந்தப் புள்ளகிட்டதான். அது என் மகள்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அடித்த பிள்ளை யார் என்பதை அப்போதுதான் நான் சொல்கிறேன் என்று எனக்கும் உறைத்தது.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ஆட்டத்தின் விதிப்படி ஆடுகிறவர் பந்தை எங்கே அடித்தாலும் அது அவருடைய குற்றம் ஆகாது. பார்க்க வருகிறவர்களும் பந்து வரக்கூடும் என்று தெரிந்துதான் வருகிறார்கள்; அந்த அளவு ஆபத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் நினைக்கும். ஆனால் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற இடத்துக்காரர் தன்னால் முடிந்த நியாயமான கவனத்தை எடுக்க வேண்டும். "அவையள் முந்தியே வலை கட்டியிருந்தவை எல்லோ? அப்ப அந்தப் பக்கம் ஆபத்து எண்டு அவையளுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு கழட்டியிருக்கினம். கழட்டின இடத்தில கதிரையும் போட்டிருக்கினம். வேலையாள் போட்டாலும் அது கழகம் போட்ட மாதிரித்தான். அந்த மனுசனிலை கொண்டுபோய்ப் பழியைப் போட ஏலாது."

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். நேராக வழக்குப் போடத் தேவையில்லை, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று சொல்லி மனுவையும் எழுதித் தந்தார். "அவையள் ஒரு கேள்வி கட்டாயம் கேப்பினம். பந்து வரேக்க நீங்கள் எங்க பாத்துக்கொண்டு இருந்தனீங்கள் எண்டு. அதுக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

அன்று இரவு எனக்கு அந்தக் கேள்விதான். உண்மையைச் சொல்லலாம். மகள் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. யார் பொறுப்பு என்று சொல்லப்படும்போது அவள் காது கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனையும்.

மத்தியஸ்த சபை ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் மேசைகள், சுவரில் அ, ஆ எழுதிய அட்டைகள். மத்தியஸ்தர்கள் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற முஸ்லிம் அதிபர், வெள்ளைத் தொப்பி, மூன்று மொழியும் பேசுவார். மற்ற இருவரில் ஒருவர் சிங்களப் பெண், தபால் கந்தோரில் வேலை செய்தவராம். இன்னொருவர் கடைசிவரை குறிப்பெழுதிக்கொண்டே இருந்தார். செயலாளர் ஒரு ஃபைலோடு முன்னால் உட்கார்ந்தார். மைதானக்காரர் பின்னால் கதவோரத்தில் நின்றார்.

செயலாளர் முதலில் பேசினார். வாசலில் அறிவித்தல் பலகை இருக்கிறது, பார்வையாளர்கள் தங்கள் பாதுகாப்புக்குத் தாங்களே பொறுப்பு என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது என்றார். கிரிக்கெட் பார்க்க வருகிறவர் பந்தைப் பார்க்க வேண்டும் என்றார். "இந்த அம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து விலகிவிட்டார்கள்." அவர் குரலில் கடுமை இல்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

தலைவர் என் பக்கம் திரும்பித் தன் ஊர்த் தமிழில் கேட்டார். "செல்லுங்க தங்கச்சி. பந்து வார நேரம் நீங்க எங்க பாத்துக்கிட்டு ஈந்தீங்க?"

மகள் எனக்கு வலது பக்கத்தில் இருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"மடிய பாத்துக்கிட்டு இருந்தேன் சார். அவரு சொல்றது சரி. தோடம்பழம்தான் உரிச்சேன். ஆடிக்கிட்டு இருந்தது என் மகள். அவ ஆடும்போது என்னால பாக்க முடியாது. பயம். எந்த மேட்ச்லயும் பாத்ததில்ல. ரெண்டு வருஷமா சத்தத்தை மட்டுந்தான் கேட்டிருக்கேன்."

தபால் கந்தோர்க்காரப் பெண்ணுக்குத் தலைவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, செயலாளரிடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் வலை எப்போது கட்டினீர்கள்?"

"மைதானம் திறந்த காலத்திலேயே."

"எதற்கு?"

"பந்து பாதைக்குப் போகும். ஆட்கள் நடமாடுகிற இடம்."

"அன்று ஏன் இல்லை?"

செயலாளர் ஃபைலைத் திறந்தார், பிறகு மூடினார். பயிற்சிக்காகக் கழற்றியது என்றார். மேட்ச் நடக்கும் நாளில் திருப்பிக் கட்டச் சொல்லி யாரும் நினைவூட்டவில்லையா என்று அந்தப் பெண் கேட்டார். பதில் வருவதற்குள் பின்னாலிருந்து மைதானக்காரரின் குரல் கேட்டது. மெதுவான குரல்.

"முதல் நாள் நான் சாரிடம் சொன்னேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். செயலாளர் மட்டும் திரும்பவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சொன்னார்" என்றார். "மேட்ச் முடிந்த பிறகு பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். கதிரை போடச் சொன்னதும் நான்தான். தாய்மார் வெயிலில் நிற்கிறார்கள், நிழலில் போடு என்றேன்."

அதற்குப் பிறகு வாதம் என்று ஒன்றும் நடக்கவில்லை. இந்த அம்மாவும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளலாமா என்று குறிப்பெழுதுகிறவர் கேட்டார். தலைவர் என்னைக் காட்டித் தமிழிலேயே சொன்னார். "பாக்காதவங்களுக்குத்தானே வலை கட்றது. பாத்துக்கிட்டே ஈக்கிறவங்க வெலகிப் போயிருவாங்களே."

இணக்கப் பத்திரத்தில் நாலு விஷயங்கள். வலையைக் கழகம் நிரந்தரமாகக் கட்ட வேண்டும். மைதானக்காரரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். வைத்தியச் செலவை ஏற்க வேண்டும். நாலாவது நான் கேட்ட வரிகள். அதைச் செயலாளர் சிங்களத்தில் சொல்ல, தலைவர் தன் கையாலேயே தமிழில் எழுதினார்: "பாதுகாப்பு வலையை அகற்றியதும் அவ்விடத்தில் பார்வையாளரை அமரச் செய்ததும் கழகத்தின் தவறு. பந்தை அடித்த மாணவி விதிப்படியே ஆடினார். அவருக்கு இதில் எவ்விதப் பொறுப்பும் இல்லை." செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து, மகளிடம் வந்து, "சமாவென்ன துவே" என்றார். மன்னித்துக்கொள் மகளே என்று. அவள் எழுந்து நின்றாள்.

பஸ் வர நேரம் இருந்தது. பாதையோரத்துத் தேத்தண்ணீர்க் கடையில் இரண்டு பிளேன்டீயும் பணிஸும் வாங்கி உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் வெளியே நின்று யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மகள் பத்திரத்தின் பிரதியை எடுத்து வாசித்தாள். மடித்தாள். மறுபடி விரித்து வாசித்தாள்.

"இது சரியில்லம்மா" என்றாள்.

"எது?"

"நீங்க பாக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். மொத மேட்ச்லருந்தே தெரியும். நான் உள்ள வந்ததும் மொத வேலையா ஒங்களத்தான் பாப்பேன். நீங்க குனிஞ்சிருவீங்க. ஒவ்வொரு தடவையும்." பத்திரத்தை மேசையில் வைத்தாள். "அன்னைக்கு அந்தப் பந்து ஈஸியான பந்து. எந்தப் பக்கமும் அடிச்சிருக்கலாம். ஒங்கள நிமிந்து பாக்க வைக்கணும்னுதான் அந்தப் பக்கம் அடிச்சேன். இவங்களுக்கு அது தெரியாதுல்ல? தெரிஞ்சா இப்படி எழுதுவாங்களா?"

இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை இதைத்தான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஊசி கோத்திருக்கிறாள். எனக்கு உடனே அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அதைச் செய்தால் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது போலாகிவிடும் என்று பட்டது. அதனால் கேட்டேன்.

"எம்மேல படணும்னு அடிச்சியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. வலையில வந்து படும், அந்தச் சத்தத்துக்கு நீங்க நிமிருவீங்கன்னு நெனைச்சேன்."

"வலை இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எப்பவும் இருக்குமே. அங்கன கம்பம் இருந்துச்சு. தூரத்துலருந்து வலை இருக்கா இல்லையான்னு தெரியாது."

"அப்ப வலை இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவள் யோசித்தாள். யோசிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க நிமிந்து பாத்திருப்பீங்க" என்றாள்.

"பாத்திருப்பேன். அப்பறம் வீட்டுக்கு வந்து ஒன்னைய ஏசியிருப்பேன். அவ்வளவுதான். கடுதாசி சரியாத்தான் இருக்கு."

அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னும் ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அழுகை கொஞ்சம் அடங்கியதும், வெகுநாளாக எனக்குள் இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டேன்.

"அது நாலா, ஆறா?"

அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "ஆறும்மா" என்றாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும். சிரித்தால் அப்போது எனக்குக் கன்னம் இழுக்கும், வலிக்கும். வலியோடு சிரித்தேன். வீட்டுக்காரர் உள்ளே வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பஸ் வருது" என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. உரப்பை அலுமாரி மேலேயே இன்னும் ஏழெட்டு மாதம் கிடந்தது. மறு வருஷம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கதிரையைப் போட்டு ஏறி அதை இறக்கினாள். இன்னும் ஒரு வருஷம் ஆடினாள். பெரிய ஆட்டக்காரி ஆகவில்லை. அணியில் இருந்தாள், அவ்வளவுதான். நானும் திருந்தவில்லை. அவள் உள்ளே வந்தால் குனிந்துவிடுவேன். ஆனால் அதை மறைப்பதை நிறுத்திவிட்டேன். "அம்மா, நீங்க குனிஞ்சிக்கிட்டே இருங்க. வலைக்குப் பின்னால மட்டும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மட்டையை எடுப்பாள்.

அந்த மைதானத்துக்கும் ஒரு தடவை போனோம். பலா மரத்துக்கு முன்னால் புது வலை கட்டியிருந்தது. மைதானக்காரர் எங்களைக் கண்டதும் ஓடிவந்து, வலையைக் கையால் இழுத்துக் காட்டினார், எவ்வளவு உறுதி என்று. செயலாளர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். ஆனாலும் அன்று வந்திருந்தார். தூரத்திலிருந்து கையைக் காட்டினார், நானும் காட்டினேன்.

மகள் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் பழைய பாடசாலைக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளின் மேட்ச்சுக்கு ஓட்டக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். எனக்குக் கீழ்ப்பார்வை இன்னும் முழுதாகச் சேரவில்லை. வைத்தியர் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். சமதரையில் ஒன்றும் தெரியாது. படிக்கட்டுதான் சங்கடம், கண்டியிலோ எங்கே போனாலும் படிக்கட்டு.

போன ஞாயிறு பூசை முடிந்து கோவிலிலிருந்து இறங்கினோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது, படிகளெல்லாம் ஈரம். முதல் நாள் மேட்ச்சில் நடுவர் ஒரு பிள்ளைக்கு அநியாயமாக அவுட் கொடுத்துவிட்டார் என்று மகள் அவள் அப்பாவிடம் வழக்காடிக்கொண்டே வந்தாள். முதல் படியில் நான் தயங்கியதும், பேச்சை நிறுத்தாமலே என் இடது பக்கம் வந்து கையைக் கொடுத்தாள். கடைசிப் படிவரை அந்த நடுவரை ஏசிக்கொண்டே இறங்கினாள்.